அசிட் கழுவலில் இன்ஹிபிட்டர் போட்டும் பொயிலர் அரிபடுவது ஏன்?

இரத்மலானை_மெயின்டனன்ஸ்:

வணக்கம். இரத்மலானையில் உள்ள ஒரு லோண்டரியின் ஸ்டீம் பொயிலர் பற்றிய கேள்வி இது. தீக்குழாய் வகை, மைல்ட் ஸ்டீல். நீர்ப்பக்கக் கொள்ளளவு ஏறத்தாழ 500 லீற்றர், வெப்பப் பரப்பு 10 சதுர மீற்றர். தண்ணீர் குழாய்க் கிணற்றிலிருந்து வருகிறது. சொஃப்ட்னர் (தண்ணீரின் வன்மையை நீக்கும் கருவி) ஒழுங்காக வேலை செய்யாததால் குழாய்களின் வெளிப்புறத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் வரை வெள்ளைப் படிவு ஏறியிருக்கிறது.

போன தடவை வெளி ஆட்கள் 5% ஐதரோகுளோரிக் அசிட்டில் ஹெக்ஸமின் என்ற இன்ஹிபிட்டரை (அசிட் உலோகத்தை அரிக்காமல் தடுக்கும் பொருள்) கலந்து கழுவினார்கள். படிவு நன்றாகப் போனது. திறந்து பார்த்தபோது குழாய்த் தகட்டிலும் வெல்டிங் ஓரங்களிலும் செந்நிறத் திட்டுகள், அவற்றை ஒட்டி ஊசிமுனை அளவில் குழிகள். இன்ஹிபிட்டர் போட்டது நிச்சயம், வெற்றுப் பைகள் இருக்கின்றன.

இந்த முறை அளவை இரட்டிப்பாக்கினால் போதுமா? அல்லது திரவமாக விற்கும் கம்பனி இன்ஹிபிட்டருக்கு மாறுவதா? சல்பமிக் அசிட் பாதுகாப்பானது என்று ஒருவர் சொல்கிறார். பொயிலருடன் பித்தளை வால்வு 3, கொண்டென்சேட் (நீராவி குளிர்ந்து உருவாகும் நீர்) திரும்பும் பாதையில் செம்புச் சுருள் ஒன்று உள்ளன.


நீராவிக்காரன்:

தம்பி, உங்கட கடைசி வரியிலயே பாதிப் பதில் இருக்கு. அந்தச் செந்நிறத் திட்டு செம்புதான். இன்ஹிபிட்டரை இரட்டிப்பாக்கினாலும் அது போகாது.

இன்ஹிபிட்டர் என்ன செய்யுது எண்டதை முதல்ல பாருங்கோ. ஹெக்ஸமின், அமீன்கள், தயோயூரியா வகைகள் எல்லாம் நைதரசன் அல்லது கந்தக அணு மூலம் இரும்பின்ர மேற்பரப்பில ஒட்டிக்கொள்ளும். அசிட்டில உள்ள ஐதரசன் அயன் அந்த இடத்தில இலத்திரன் எடுக்கிறதை அவை மறிக்கும். வேலை அவ்வளவுதான். கரைசலுக்குள்ள பெரிக் இரும்பு (துரு கரைஞ்சு வர்ற, மூண்டு நேர் ஏற்றமுள்ள இரும்பயன்) அல்லது செம்பு அயன் வந்திட்டால் கதை வேறை. பெரிக் அயன் ரெண்டு சேர்ந்து உங்கட ஸ்டீலில இருந்து ஓர் இரும்பணுவைக் கழற்றி, மூண்டும் பெரஸ் (ரெண்டு நேர் ஏற்றமுள்ள இரும்பயன்) ஆகி ஓடிவிடும். அதுக்கு ஐதரசன் வாயு வெளியேற வேண்டிய அவசியம் இல்லை. குமிழி வராததால "இன்ஹிபிட்டர் நல்லா வேலை செய்யுது" எண்டு வெளியில நிக்கிறவர் நினைப்பார். உள்ள உருக்குக் கரைஞ்சுகொண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கோ. படிவுக்குக் கீழ 2 கிலோ துரு இருந்தால் அதிலயிருந்து 1.4 கிலோ பெரிக் இரும்பு வரும். அது முழுக்கத் தாக்கினால் 0.7 கிலோ நல்ல உருக்குப் போகும். 10 சதுர மீற்றரில பரப்பிப் பார்த்தால் சராசரி 9 மைக்ரோன்தான், ஒண்டுமில்லை எண்டு தோன்றும். ஆனால் அது சமனாகப் போறதில்லை. வெல்டிங் ஓரம், குழாய்த் தகட்டில குழாயை விரிச்சு இறுக்கின இடம், படிவு முதல்ல கழண்ட இடம், இந்த மாதிரி இடங்களைத்தான் தேடிப் பிடிக்கும்.

செம்பு இன்னும் மோசம். பித்தளை வால்விலயும் செம்புச் சுருளிலயும் இருந்து வந்த செம்பு, படிவுக்குள்ள ஒட்சைட்டாகப் பொதிஞ்சு கிடக்கும். அசிட் அதைக் கரைச்சதும் இரும்பில மெல்லிய தோலாகப் படியும். அதுக்குப் பிறகு அந்தத் தோல் கதோட்டு, பக்கத்தில திறந்திருக்கிற சின்ன இரும்புப் பரப்பு அனோட்டு, அதாவது கரையிற பக்கம். பெரிய கதோட்டு, சின்ன அனோட்டு எண்டால் குழி விழாமல் என்ன செய்யும்?

ஆகவே இந்த முறை இப்படிச் செய்யுங்கோ.

அசிட் வாங்க முதல் படிவைச் சோதியுங்கோ. ஒரு துண்டைச் சுரண்டி எடுத்து ஐதான அசிட்டில போடுங்கோ. நல்லா நுரைச்சுக் கரைஞ்சால் கல்சியம் காபனேற்று, கீழ சொல்லுற முறையே போதும். நுரைக்காமல் அப்பிடியே கிடந்தால் சல்பேற்று அல்லது சிலிக்கா, எவ்வளவு அசிட் ஊத்தினாலும் அசையாது, உலோகம்தான் கரையும். கொழும்பு நகரத்துக்கு லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலயும் அம்பத்தலையிலயும் இருந்து வர்ற தண்ணீர் மென்மையானது. அந்தத் தண்ணியில ஓடுற பொயிலருக்குள்ள தடிப்பான படிவு எண்டு சொன்னால் அது பெரும்பாலும் துருவும் மண்டியும்தான். உங்கடது கிணத்துத் தண்ணி எண்டபடியால் சுண்ணம் எண்டு நம்பலாம், ஆனாலும் சோதியுங்கோ. சுரண்டின துண்டில அழுகின முட்டை மணம் வந்தால் சல்பைட்டு இருக்கு, அசிட் பட்டால் ஐதரசன் சல்பைட்டு வரும். அது ஆளைக் கொல்லும். அப்பிடியெண்டால் இந்த வேலையை நீங்கள் தொடவேண்டாம்.

பித்தளை வால்வு மூண்டையும் கழட்டி இரும்புத் தட்டு போட்டு அடையுங்கோ. கொண்டென்சேட் பாதையைத் துண்டியுங்கோ. வோட்டர் கேஜ், பிரஷர் கேஜ், பாதுகாப்பு வால்வு எல்லாம் வெளியில இருக்கோணும்.

சுத்துத் தாங்கியோட (கரைசலைப் பொயிலருக்குள்ளால சுத்தி ஓடவிடுற தாங்கி) சேர்த்து 600 லீற்றர் எண்டு வைப்பம். 5% எண்டால் 30 கிலோ தூய ஐதரோகுளோரிக் வேணும். கடையில கிடைக்கிற 32% அசிட்டில ஒரு லீற்றருக்கு 370 கிராம் அளவில இருக்கு. ஆக 81 லீற்றர் அசிட், 519 லீற்றர் தண்ணி. ஹெக்ஸமின் 0.5%, அதாவது 3 கிலோ. 30 கிலோ அசிட் 41 கிலோ சுண்ணத்தைக் கரைக்கும். உங்கட 10 சதுர மீற்றரில ஒண்டரை மில்லிமீற்றர் படிவு ஏறத்தாழ 33 கிலோ வரும். அசிட் போதும், பெரிசாக மிஞ்சவும் மாட்டுது.

முதல் தண்ணியை விட்டு 50 பாகைக்குச் சூடாக்குங்கோ. பிறகு ஹெக்ஸமினைக் கரைச்சு அரை மணித்தியாலம் சுத்த விடுங்கோ. கடைசியாத்தான் அசிட், அதுவும் சுத்துத் தாங்கிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமாக. வரிசை மாறினால் முதல் அரை மணித்தியாலம் உலோகம் வெறுமையா அசிட்டுக்குள்ள நிக்கும். அடியால நிரப்பி மேலால வெளியேத்துங்கோ. 33 கிலோ சுண்ணம் கரைஞ்சால் 8 கன மீற்றர் அளவில காபனீரொட்சைட்டு வரும், அதோட ஐதரசனும். வாயுக்குழாய் கூரைக்கு வெளியில போகோணும். கிட்டத்தில வெல்டிங், சிகரெட் எதுவும் கூடாது. அசிட் உள்ளுக்க இருக்கேக்க பேர்னரை ஒருபோதும் போட வேண்டாம். தீ படுற குழாய்ச் சுவர் கரைசலைவிட நிறையச் சூடாக இருக்கும், அங்க ஹெக்ஸமின் கழண்டிடும். கரைசலின்ர சூடு 60 பாகையைத் தாண்டவே கூடாது. ஹெக்ஸமின் சூடான அசிட்டில மெல்ல உடைஞ்சு போமல்டிகைட்டாகவும் அமோனியம் உப்பாகவும் மாறும். அதனால முதல் நாளே கலந்து வைக்கிற வேலையும் வேண்டாம்.

பெரிக்குக்கு மருந்து தனி. எரிதோர்பிக் அசிட் அல்லது அஸ்கோர்பிக் அசிட், அதாவது விற்றமின் சி. 1.4 கிலோ பெரிக்கைப் பெரஸாக்க 2.2 கிலோ வேணும். ஸ்டானஸ் குளோரைட்டு எண்டால் 2.8 கிலோ. ஒரேயடியாகக் கொட்டாமல், துரு கரையத் தொடங்கினதும் மூண்டு நாலு தவணையாகப் போடுங்கோ.

இன்னொண்டு. கடை அசிட் மஞ்சளா இருந்தால் அந்த மஞ்சள் பெரும்பாலும் பெரிக் குளோரைட்டுத்தான். பொயிலருக்குள்ள போக முதலே எதிரியை வாங்கிக்கொண்டு வாறீங்கள். புறக்கோட்டையில அசிட் கலனைத் திறந்து பார்த்து, நிறம் இல்லாததா எடுங்கோ. சில ரூபா கூடத்தான் வரும்.


ஆய்வுகூட_மேசை:

மேலே சொல்லப்பட்டதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கரைசலில் பெரிக்கை அளந்து "குறைவாகத்தானே இருக்கிறது" என்று ஆறுதல் அடையக்கூடாது. பெரிக் குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம், அது ஏற்கெனவே உருக்கைத் தின்று பெரஸாக மாறியிருப்பது. மொத்த இரும்பின் அளவு ஏறிக்கொண்டே போவதுதான் உண்மையான எச்சரிக்கை.

வாங்கும் இன்ஹிபிட்டர் வேலை செய்கிறதா என்று லேபிளைப் படித்து அறிய முடியாது. கூப்பன் சோதனை (சிறிய உலோகத் துண்டைக் கரைசலில் வைத்து நிறை இழப்பை அளப்பது) செய்யுங்கள். செலவு அதிகமில்லை, ஒரு நாள் வேலை.

பொயிலர் தகட்டுக்கு நெருக்கமான மைல்ட் ஸ்டீலில் 50 க்கு 25 க்கு 3 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 29.5 சதுர சென்ரிமீற்றர். முதலில் 120, பிறகு 600 இலக்க உப்புத்தாளால் தேய்த்து, அசிற்றோனால் துடைத்து, உலர்த்தி, மில்லிகிராம் வரை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம். ஒரு சதுர சென்ரிமீற்றருக்குக் குறைந்தது 20 மில்லிலீற்றர் கரைசல் தேவை. ஆக ஒரு துண்டுக்கு 600 மில்லிலீற்றர். நைலோன் நூலில் தொங்கவிட்டு 50 பாகை நீர்த்தொட்டியில் 6 மணித்தியாலம் வையுங்கள்.

நான்கு முகவைகள் போதும். முதலாவதில் வெறும் 5% அசிட். இரண்டாவதில் அசிட்டும் இன்ஹிபிட்டரும். மூன்றாவதில் அவற்றோடு லீற்றருக்கு 9.7 கிராம் பெரிக் குளோரைட்டு எக்சாஐதரேற்று, அதாவது லீற்றருக்கு 2 கிராம் பெரிக் இரும்பு. நான்காவதில் மூன்றாவதன் கலவையோடு 2 கிராம் அஸ்கோர்பிக் அசிட்.

முடிந்ததும் தண்ணீரில் கழுவி, மென்மையான பிரஷால் தேய்த்து, அசிற்றோனில் முக்கி, உலர்த்தி நிறுக்கவும். ஆண்டுக்கு எத்தனை மில்லிமீற்றர் என்பதற்கான சூத்திரம்: மில்லிகிராமில் உள்ள நிறை இழப்பை 87.6 ஆல் பெருக்கி, அடர்த்தி, பரப்பு, மணித்தியாலம் மூன்றின் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். உருக்கின் அடர்த்தி 7.85.

உதாரணத்துக்கு, முதலாவதில் 620 மில்லிகிராம் இழப்பு என்றால் ஆண்டுக்கு 39 மில்லிமீற்றர் வீதம். இரண்டாவதில் 31 மில்லிகிராம் என்றால் ஆண்டுக்கு 1.95 மில்லிமீற்றர், வினைத்திறன் 95%. கேட்க நன்றாக இருக்கும். இப்போது மூன்றாவதைப் பாருங்கள். 600 மில்லிலீற்றரில் 1.2 கிராம் பெரிக் இருக்கிறது. அது முழுவதும் தாக்கினால் 600 மில்லிகிராம் இரும்பு போகும். இன்ஹிபிட்டரே போடாத முகவைக்கும் இதற்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லாமல் போகிறது. லேபிளில் 95% என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் துருவில்லாத முகவையில் சோதித்திருக்கிறார்.

நிறையை மட்டும் பார்த்து விடாதீர்கள். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்சால் குழி தேடுங்கள். சீராக 50 மில்லிகிராம் இழந்த கூப்பன் எனக்குச் சம்மதம். 20 மில்லிகிராம் மட்டும் இழந்து, அதையும் நான்கு குழியில் இழந்த கூப்பன் சம்மதமில்லை.

வேலை நடக்கும் இடத்தில் விரைவாகப் பார்க்க ஒரு வழி உண்டு. சிறிய ஸ்டீல் வூல் உருண்டையைக் கலந்த அசிட் மாதிரியில் போடுங்கள். இன்ஹிபிட்டர் இருந்தால் அடியில் கிடக்கும், இடையிடையே ஒரு குமிழி வரும். இல்லாவிட்டால் ஐதரசன் குமிழிகள் அதைத் தூக்கி மேலே மிதக்க வைத்துவிடும். ஒரே கடையின் ஸ்டீல் வூலை, ஒரே எடையில், சுத்தமான அசிட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அர்த்தமுண்டு.

கூப்பனில் துரு ஒட்டியிருந்தால் அதை நீக்க ஏ.எஸ்.டி.எம். (பொருட் சோதனை நியமங்களை வெளியிடும் அமைப்பு) ஜி1 நியமத்தில் ஒரு கரைசல் உண்டு: 500 மில்லிலீற்றர் செறிந்த ஐதரோகுளோரிக், 3.5 கிராம் ஹெக்ஸமின், தண்ணீர் சேர்த்து ஒரு லீற்றர், அறை வெப்பநிலையில் 10 நிமிடம். புதிய கூப்பன் ஒன்றையும் அதே கரைசலில் முக்கி, அதில் ஏற்படும் இழப்பைக் கழித்துவிட வேண்டும்.


இரத்மலானை_மெயின்டனன்ஸ்:

மிக்க நன்றி, இருவருக்கும். இரண்டு விடயங்கள் இன்னும் தெளிவில்லை. சல்பமிக் அசிட்டுக்கு மாறினால் இந்தப் பிரச்சினை குறையுமா? எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்? போனமுறை "நுரை நின்றால் போதும்" என்றுதான் சொன்னார்கள்.


நீராவிக்காரன்:

சல்பமிக்கில ரெண்டு நன்மை இருக்கு. தூளா வரும், ஏத்தி இறக்கச் சுகம். குளோரைட்டு இல்லாதபடியால் ஸ்டெயின்லெஸ் பகுதி இருந்தால் அதுதான் சரி. 304, 316 வகை ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஐதரோகுளோரிக்கைக் காட்டவே கூடாது, எந்த இன்ஹிபிட்டர் போட்டாலும் குழி விழும், வெடிப்பும் வரும்.

ஆனால் உங்கட பொயிலருக்கு அது கட்டுபடியாகுமோ தெரியேல்லை. ஒரு கிலோ சுண்ணத்துக்கு ஏறத்தாழ 1.94 கிலோ சல்பமிக் வேணும். 33 கிலோ படிவுக்கு 64 கிலோ. 600 லீற்றரில ஒரே தரம் கரைச்சால் 10% தாண்டும், ரெண்டு தரமாப் பிரிக்கோணும். 60 பாகைக்கு மேல சல்பமிக் உடைஞ்சு சல்பேற்று ஆகும். கரைஞ்சிருக்கிற கல்சியத்தோட அது சேர்ந்தால் ஜிப்சமா மறுபடி படியும், அதை அசிட்டால எடுக்கேலாது. பெரிக், செம்புப் பிரச்சினை சல்பமிக்கிலயும் அப்பிடியேதான் இருக்கும், துரு எந்த அசிட்டிலயும் துருதானே. ஆக மாறினாலும் பித்தளையைக் கழட்டாமல் விடேலாது.

எப்ப நிறுத்திறது எண்டதுக்கு நுரை ஒரு அடையாளமே இல்லை. அசிட் முடிஞ்சாலும் நுரை நிக்கும், படிவு முடிஞ்சாலும் நிக்கும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பி வர்ற குழாயில இருந்து 10 மில்லிலீற்றர் எடுத்து, மெதயில் ஒறேஞ்ச் ரெண்டு துளி விட்டு, ஒரு நோமல் செறிவுள்ள சோடியம் ஐதரொட்சைட்டால நியமிப்புச் செய்யுங்கோ, அதாவது நிறம் மாறும்வரை துளித்துளியா விட்டு எவ்வளவு போச்சுது எண்டு அளவுங்கோ. செலவான ஒவ்வொரு மில்லிலீற்றருக்கும் 0.365% அசிட். 5% எண்டால் 13.7 மில்லிலீற்றர் போகும். பினோல்தலீன் பாவிக்க வேண்டாம், அந்த நிறம் வர முதலே இரும்பு வீழ்படிவாகி வாசிப்பைக் கூட்டிக் காட்டும். அதோட மொத்த இரும்பையும் பரிசோதனைப் பட்டியால பார்த்துக் குறியுங்கோ.

அசிட் வீதம் அடுத்தடுத்து மூண்டு வாசிப்பில மாறாமல் நிண்டு, 1% க்குக் கீழ போகாமலும் இருந்தால் படிவு முடிஞ்சுது. அசிட் மாறாமல் நிக்க இரும்பு மட்டும் ஏறுது எண்டால் உடனே வடிச்சுவிடுங்கோ, அப்ப கரையிறது பொயிலர். அசிட் 1% க்குக் கீழ இறங்கி, படிவு இன்னும் இருந்தால் புதுசா அசிட் விடலாம். ஆனால் விடுற புது அசிட்டுக்குரிய ஹெக்ஸமினையும் அதோட சேருங்கோ. முதல்ல போட்டது மிதக்கிற துருவிலயும் படிவுத் துகள்களிலயும் ஒட்டிக் கொஞ்சம் குறைஞ்சிருக்கும். வழக்கமா நாலு மணித்தியாலத்தில முடியிற வேலை, ஆறைத் தாண்டவிட வேண்டாம்.

வடிச்ச பிறகுதான் நிறையப் பேர் கெடுக்கிறது. ஈரமான வெறும் இரும்பில காத்துப் பட்டால் பத்து நிமிடத்தில செம்மஞ்சள் துரு. அசிட் வடிஞ்ச உடனே தண்ணி நிரப்பி அலசுங்கோ, அடுத்த அலசலில 0.2% சித்திரிக் அசிட் போடுங்கோ, பிறகு 1% சோடா சாம்பல் கரைசலை 70 பாகையில ரெண்டு மணித்தியாலம் சுத்த விடுங்கோ. ட்ரைசோடியம் பொஸ்பேற்று கிடைச்சால் கொஞ்சம் சேர்க்கலாம். புளோடவுன் குழாய் (அடி அழுக்கை வெளியேத்துற குழாய்), கேஜ் குழாய், கழுவு வாயில்களின்ர கழுத்து, இங்கெல்லாம் அசிட் தேங்கி நிக்கும். ஒவ்வொண்டையும் தனித்தனியாத் திறந்து தண்ணி விடுங்கோ.

ஏற்கெனவே படிஞ்சிருக்கிற செம்பு உங்களுக்கு இன்னும் உள்ளுக்கதான் இருக்கு. இந்த முறை கழுவேக்க அசிட்டோட தயோயூரியா 0.5% சேர்த்தால் கரையிற செம்பைப் பிடிச்சு வைச்சிருக்கும், மறுபடி படியவிடாது. ஆனால் தயோயூரியா புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில உள்ள சாமான். கையுறை, தூசு முகமூடி இல்லாமல் பையைத் திறக்க வேண்டாம்.


தேயிலை_ஆராய்ச்சி:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். பல்கலைக்கழகச் செயற்திட்டத்துக்குத் தேயிலைக் கழிவுச் சாற்றை அசிட்டில் இன்ஹிபிட்டராகச் சோதிக்கிறோம். ஒரு மோலர் ஐதரோகுளோரிக்கில் 30 பாகையில் 90% கிட்ட வருகிறது. இதை இப்படியான பொயிலர் கழுவலுக்குப் பயன்படுத்தலாமா, அண்ணா?


ஆய்வுகூட_மேசை:

இப்போதைக்கு வேண்டாம். காரணம் தேயிலை அல்ல, அளவிடும் முறை.

கஃபீனில் நைதரசன் இருக்கிறது, பொலிபினோல்களில் ஒட்சிசன் இருக்கிறது. அவை இரும்பில் ஒட்டும் என்பதில் வியப்பில்லை. 30 பாகையில் 90% காட்டும் தாவரச் சாறுகள் ஏராளம். அதே சோதனையை 60 பாகையில் செய்யுங்கள். வினைத்திறன் சரிந்தால் அது மேற்பரப்பில் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது, பொயிலர் வேலைக்கு உதவாது.

அடுத்தது, "10 மில்லிலீற்றர் சாறு சேர்த்தோம்" என்று எழுதினால் அதற்கு எந்தப் பொருளும் இல்லை. 20 கிராம் உலர்ந்த கழிவை 500 மில்லிலீற்றர் தண்ணீரில் 80 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து வடிகட்டிய பின், அதில் 10 மில்லிலீற்றரை 105 பாகையில் ஆவியாக்கி மீதியை நிறுங்கள். பிறகு லீற்றருக்கு எத்தனை கிராம் திண்மம் என்று சொல்லுங்கள். மூன்று வெவ்வேறு தொழிற்சாலைக் கழிவுகளில் செய்தால் எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதே நல்ல ஓர் அத்தியாயம். ஒரு கிழமை மேசையில் வைத்த சாற்றையும் சோதியுங்கள். பூஞ்சை பிடித்த சாறு பழைய எண்ணைத் தராது.

இலாங்மியூர் வரைபு (செறிவுக்கேற்ப மேற்பரப்பில் எவ்வளவு ஒட்டுகிறது என்பதைக் காட்டும் வரைபடம்) நேர்கோடாக வந்ததும் "இரசாயன உறிஞ்சல்" என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. கலவையான ஒரு சாற்றுக்கு மோலர்த் திணிவு தெரியாது. அப்படியிருக்க சுயாதீன சக்தியை இரண்டு தசம தானத்துக்குக் கணிப்பது வெறும் அலங்காரம். அதைவிட பெரிக் சேர்த்த முகவையில் உங்கள் சாறு என்ன செய்கிறது என்று பாருங்கள். பொலிபினோல்கள் பெரிக்கைப் பெரஸாக்கக் கூடியவை. ஹெக்ஸமினுக்கு இல்லாத ஒரு குணம் அங்கே இருக்கலாம். அது உண்மையிலேயே பயன்படும் கேள்வி.


பிக்லிங்_வத்தளை:

பொயிலர் இல்லாமல் கல்வனைஸ் (நாகப் பூச்சு), பெயின்டிங் முன் பிக்லிங் (அசிட்டில முக்கித் துரு எடுக்கிறது) செய்யிறவங்க இதைப் படிச்சா கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்க.

ஐதரோகுளோரிக்கில நல்லா வேலை செய்யிற அமீன் இன்ஹிபிட்டர் சல்பூரிக் தாங்கியில சொதப்பும். ரெண்டு அசிட்டிலயும் உருக்கின்ட மேற்பரப்பில நேர் மின்னேற்றம் இருக்கு, அமீனும் அசிட்டில நேர் அயன், ரெண்டும் ஒட்டாது. ஐதரோகுளோரிக்கில குளோரைட்டு முதல்ல போய் உருக்கில உட்கார்ந்து அமீனுக்கு இடம் குடுக்குது. சல்பூரிக்கில அந்த ஆள் இல்லை. கொஞ்சம் பொற்றாசியம் அயடைட்டுச் சேர்த்தா உடனே வித்தியாசம் தெரியும். அயடைட்டு, புரோமைட்டு, குளோரைட்டு எண்ட வரிசையில வலு குறையும். அயடைட்டு விலை கூட, ஆனா லீற்றருக்கு ஒரு கிராமுக்குள்ளயே வேலை நடக்கும்.

கல்வனைஸ் பூசின சாமானை இந்த அசிட்டில போட்டு "இன்ஹிபிட்டர் இருக்குத்தானே" என்று நிக்காதீங்க. இது உருக்குக்கான மருந்து, நாகப் பூச்சு சில நிமிடத்தில போயிரும். அலுமினியமும் அப்படித்தான்.

10.9, 12.9 தர உயர் வலிமை போல்ட், ஸ்பிரிங் இதெல்லாம் அசிட்டிலயே போடாதீங்க. இன்ஹிபிட்டர் உலோக இழப்பைக் குறைக்கும், ஆனா உருவாகிற ஐதரசன் உருக்குக்குள்ள போய் அதை நொறுங்கக்கூடியதாக்கிறதை எல்லா இன்ஹிபிட்டரும் குறைக்கும் என்றில்லை. கந்தகம் உள்ள சிலது அதைக் கூட்டியும் விடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், இறுக்கி அடுத்த நாள் தலை கழண்டு விழும். மணல் வீச்சில சுத்தம் செய்யிறது நல்லது.

அளவு கூடினா நல்லம் என்றும் இல்லை. இன்ஹிபிட்டர் படலம் சாமானில ஒட்டி நின்றா ஃபிளக்ஸ் (நாகம் ஒட்ட உதவுற உப்புப் பூச்சு) பிடிக்காது, நாகக் குளியலில இருந்து வெறும் புள்ளி புள்ளியா வெளிய வரும். அதுக்குப் பிறகு எல்லாரும் நாகத்தைக் குறை சொல்லுவாங்க.


இரத்மலானை_மெயின்டனன்ஸ்:

கடைசியாக ஒன்று. கழுவிய அசிட்டை எங்கே விடுவது? போனமுறை வெளியே வடிகானுக்குள் விட்டார்கள்.


நீராவிக்காரன்:

கானுக்குள்ள விடவே கூடாது தம்பி. இரத்மலானைக் கான் தண்ணி லுணாவைக் களப்புக்கோ வெரஸ் கங்கைக்கோதான் போகும்.

மிஞ்சின அசிட் 1% எண்டால் 600 லீற்றரில 6 கிலோ. அதை நடுநிலையாக்க 8.7 கிலோ சோடா சாம்பல் கணக்கு வரும். நுரைக்கும், அதனால தாங்கியில மூண்டில ஒரு பங்கு இடம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் போடுங்கோ. நீத்துச் சுண்ணாம்பு மலிவு, 6 கிலோ அளவில போகும், நுரை இல்லை, ஆனால் சேறு கூட. எதைப் போட்டாலும் இரும்பு முழுக்க வீழ்படிவாக பி.எச். 8 தாண்டோணும். காத்தை ஊதிக் கலக்கினால் பச்சைச் சேறு பழுப்பாகி அடியில இறங்கும். இதுக்கெல்லாம் கணக்கைவிடச் சாமான் கூடப் போகும், பி.எச். தாளை வைச்சு முடிவெடுங்கோ.

உள்நாட்டு நீர்நிலைக்கு விடுற கழிவுநீருக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின்ர பி.எச். வரம்பு 6.0 முதல் 8.5. ஆனால் பி.எச். சரியாகினாலும் தயோயூரியா, செம்பு, ஹெக்ஸமின் உடைஞ்ச போமல்டிகைட்டு எல்லாம் தண்ணிக்குள்ளயே நிக்கும். தயோயூரியா பாவிச்சால் திரவத்தையும் சேத்தையும் அடைச்சு, அனுமதிப்பத்திரம் உள்ள கழிவுச் சேகரிப்பாளரிட்டக் குடுங்கோ. அந்தச் செலவையும் கழுவல் விலையோட சேர்த்துக் கேளுங்கோ. அது இல்லாமல் மலிவா விலை சொல்லுற ஆள் எங்க விடப் போறார் எண்டு உங்களுக்கே தெரியும்.

சொஃப்ட்னரின்ர ரெசினை மாத்தாமல் கழுவ வேண்டாம். ஒவ்வொரு அசிட் கழுவலும் சுவரில கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். கழுவ முதலும் பிறகும் குழாய்த் தகட்டின்ர தடிப்பை அல்ட்ராசோனிக் கேஜால ஒரே புள்ளிகளில அளந்து எழுதி வையுங்கோ, பொயிலர் பரிசோதகர் வரேக்க அந்தத் தாளைக் காட்டலாம். இப்ப இருக்கிற குழிகளின்ர ஆழத்தையும் அவரிட்டக் காட்டி ஒப்புதல் எடுத்த பிறகு அசிட் வாங்குங்கோ.